அகராதிக்கு முன்னே அழுத்த விதி



உங்களில் சிலர் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு புதுமொழியை உண்டாக்கி வைத்திருப்பீர்கள். ஆசிரியருக்கும் வீட்டாருக்கும் புரியாமல் தோழர்களோடு பேசிக்கொள்ள அது உதவும். நானும் உங்கள் வயதில் ஒன்று செய்தேன். இருநூறு சொற்கள் வரை வந்து நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சென்ற மாதம்தான் விளங்கியது.

காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்தில் ஒரு மாலை நேரம் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் பள்ளிச் சீருடையில் இரண்டு மாணவிகள். ஒருத்தி நோட்டைப் பார்த்து ஏதோ வாசித்தாள். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மற்றவள் இரண்டு முறை கேட்டுவிட்டு, "எங்கேடி ஒரு வார்த்தை முடியுது? எல்லாம் ஒரே ரயில் மாதிரி போகுதே!" என்றாள். விசாரித்தேன். அவர்களே உண்டாக்கிய மொழியாம். முந்நூறு சொற்கள், பன்மை விகுதி, வேற்றுமை உருபு எல்லாம் இருந்தன. ஒன்றுதான் இல்லை. சொல்லில் எந்த இடத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்ற விதி இல்லை.

"இங்கிலீஷ் மாதிரி ஸ்டைலா அழுத்தலாம்னு பார்த்தோம் சார். ஆனா இங்கிலீஷையே நாங்க தப்பாத்தான் அழுத்துறோம்னு கிளாஸ்ல சிரிக்கிறாங்க" என்றாள் ஒருத்தி.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: மொழி படைப்பவர் அகராதிக்கு முன்னே அழுத்த விதியை எழுத வேண்டும். அந்த விதியை ஒருமுறை தாமே வகுத்துப் பார்த்த மாணவர், பிறர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவும் மாட்டார். பிறர் சிரிப்பதைக் கண்டு வாய்மூடி உட்காரவும் மாட்டார்.

அழுத்தம் என்பது என்ன?

காட்டாங்குளத்தூர் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். காட்-டாங்-கு-ளத்-தூர் என்று ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் ஓர் உயிரொலி இருக்கிறது. இவற்றை ஒலியசைகள் என்போம். யாப்பிலக்கணத்தில் நீங்கள் படிக்கும் அசை இதுவே அல்ல. அங்கே 'குளத்' என்பது சேர்ந்து ஒரே நிரையசை ஆகிவிடும். காட்/டாங்/குளத்/தூர் என நான்கு அசைதான் வரும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

ஒரு சொல்லின் ஒலியசைகளில் ஒன்றை மற்றவற்றைவிட எடுப்பாக ஒலிப்பதே அழுத்தம். உரத்துச் சொல்வதுதான் அழுத்தம் என்று நாம் நினைக்கிறோம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் டென்னிஸ் ஃப்ரை என்பவர் 1955-லும் 1958-லும் வெளியிட்ட ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 'பெர்மிட்' போன்ற ஆங்கிலச் சொற்களை அவர் எடுத்துக்கொண்டார். முதல் அசையை அழுத்தினால் அது பெயர்ச்சொல், 'அனுமதிச் சீட்டு'. இரண்டாவதை அழுத்தினால் வினைச்சொல், 'அனுமதி கொடு'. இத்தகைய சொற்களை இயந்திரக் குரலில் பேச வைத்து, நீளம், உரப்பு, சுருதி மூன்றையும் தனித்தனியே மாற்றிக் கேட்போரிடம் சோதித்தார். உரப்பைவிட நீளமும் சுருதியுமே கேட்போர் முடிவை அதிகம் மாற்றின.

நீங்களும் வீட்டுக் கைபேசியில் பேசிப் பதிவுசெய்து இதைச் சோதிக்கலாம். அழுத்தும்போது குரல் சற்று மேலே ஏறுவதும் உயிரொலி நீள்வதும் காதுக்குத் தெரியும்.

நம் நன்னூலில் பவணந்தி முனிவர் எடுத்தல், படுத்தல், நலிதல் என்று சொல்வதும் குரலின் இந்த ஏற்ற இறக்கங்களைப் பற்றித்தான். 13-ஆம் நூற்றாண்டு நூல் அது. எழுத்தின் ஒலிப்பு இவற்றால் சிறிது மாறும் என்று அவர் கவனித்திருக்கிறார்.

தமிழ் எங்கே அழுத்துகிறது?

ஆங்கிலத்தைப் போல அழுத்தத்தை மட்டும் மாற்றிப் பொருளை மாற்றும் சொல் இணைகள் தமிழில் இல்லை. அந்த வேலையைத் தமிழில் குறிலும் நெடிலும் செய்கின்றன. படம் வேறு, பாடம் வேறு. பல் வேறு, பால் வேறு. அழுத்தம் காட்டுவதற்காகப் 'படம்' என்பதன் முதல் எழுத்தை நீட்டினால் அது பாடம் ஆகிவிடும்! நீளத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்துவிட்டபடியால், அழுத்தம் காட்ட அதைத் தாராளமாகச் செலவிட முடியாது. தமிழில் சொல்லழுத்தம் உண்டா, இல்லையா என்று மொழியியலார் இன்றும் வாதிடுவதற்கு இது ஒரு காரணம்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஐகாரக்குறுக்கம் படித்திருப்பீர்கள். இரண்டு மாத்திரை ஒலிக்க வேண்டிய ஐகாரம் சொல்லின் முதலில் ஒன்றரை மாத்திரையாகவும், இடையிலும் கடையிலும் ஒரு மாத்திரையாகவும் குறைகிறது. குற்றியலுகரமும் அப்படியே. 'காடு', 'பாட்டு' ஆகியவற்றின் ஈற்றில் உகரம் அரை மாத்திரையாகத் தேய்கிறது. முன்பக்கம் ஒலி நிமிர்ந்து நிற்கிறது, பின்பக்கம் தளர்கிறது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் இந்த விதிகள் உண்மையில் தமிழ்ச் சொல்லின் பலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கான தடயங்கள் என்பது என் எண்ணம். அழுத்தம் என்ற பெயரை வைக்காமலே அதன் நிழலை நம் இலக்கண ஆசிரியர்கள் அளந்திருக்கிறார்கள்.

மொழி படைத்தவர்கள் என்ன செய்தார்கள்?

2015-ல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசும் கிளிக்கி மொழியைக் கேட்டிருப்பீர்கள். அதைப் படைத்தவர் நம் பாடலாசிரியர் மதன் கார்க்கி. கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். படத்துக்காக ஏறத்தாழ 750 சொற்களையும் 40 இலக்கண விதிகளையும் உருவாக்கினார் என்று அப்போது செய்திகள் வந்தன. அதில் 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது வருகிறது! 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, அம்மொழியைக் கற்பதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. மொழி படைப்பது வெளிநாட்டார் வேலை, நமக்கு வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அழுத்த விதிக்கு வருவோம். ஜெர்மானியப் பாதிரியார் ஷ்லேயர் 1880-ஐ ஒட்டி வெளியிட்ட வோலாபுக் மொழியில் அழுத்தம் எப்போதும் கடைசி அசையில். கண் மருத்துவர் ஜாமென்ஹாஃப் 1887-ல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராண்டோவுக்கு அடிப்படை விதிகள் பதினாறுதான். அவற்றில் பத்தாவது, அழுத்தம் என்றும் ஈற்றயல் அசையில், அதாவது கடைசிக்கு முந்திய அசையில், என்கிறது. விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் தம் கதைகளுக்காகப் படைத்த மொழிகளில் இலத்தீனின் எடை விதியை ஒத்த விதியை வைத்தார். ஈற்றயல் அசை நெடிலாகவோ ஒற்றில் முடிவதாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே. அது வெறும் குறிலானால் அதற்கும் முந்திய அசையில். 2009-ல் வந்த 'அவதார்' படத்தின் நாவி மொழியில் பால் ஃப்ராமர் எந்த இடத்தையும் நிலையாக வைக்கவில்லை. 'துதே' என்பதன் முதல் அசையை அழுத்தினால் ஆள். இரண்டாவதை அழுத்தினால் பெண். எனவே ஒவ்வொரு சொல்லின் அழுத்தத்தையும் அகராதியைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

நம் ரயில் பாதையில் ஒரு சோதனை

விதியைப் படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை உள்ள நிலையங்களே நம் சோதனைக்கூடம். மூன்று விதிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, முதல் அசை விதி. பின்னிஷ், ஹங்கேரி, செக் மொழிகளில் உள்ளது. இரண்டு, ஈற்றயல் விதி. போலிஷ், எஸ்பெராண்டோவில் உள்ளது. மூன்று, இலத்தீனின் எடை விதி. ஒவ்வோர் ஊரிலும் அழுத்தம் எங்கே விழும்?

தாம்பரம் (தாம்-ப-ரம்): முதல் விதியில் தாம், இரண்டில் ப, மூன்றில் தாம்.
வண்டலூர் (வண்-ட-லூர்): வண், ட, வண்.
பொத்தேரி (பொத்-தே-ரி): பொத், தே, தே.
காட்டாங்குளத்தூர் (காட்-டாங்-கு-ளத்-தூர்): காட்; ளத்; ளத்.
மறைமலைநகர் (ம-றை-ம-லை-ந-கர்): ம, ந, லை.
பரனூர் (ப-ர-னூர்): ப; ர; ப.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஈற்றயல் விதிப்படி 'வண்டலூர்' என்பதில் டகரத்தை அழுத்தினால் நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். எடை விதியில் அந்த உறுத்தல் குறைவு. நெடிலையும் ஒற்றையும் மதிக்கும் விதி நம் காதுக்கு உறவு. எழுத்தை மாத்திரையால் எடை போட்டே வளர்ந்தவர்கள் நாம். கல்லூரிக்காக இவ்வூருக்கு வரும் பிற மாநில மாணவர்கள் 'காட்டாங்குளத்தூர்' என்பதைப் பலவிதமாகச் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் தவறு செய்யவில்லை. தங்கள் தாய்மொழியின் விதியை நம் ஊர்ப் பெயர்மீது ஏற்றுகிறார்கள், அவ்வளவே.

எந்த முனையிலிருந்து எண்ணுவது?

அழுத்தத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று சொல்லின் எல்லையைக் காட்டுவது. ரயில் நிலைய மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுவே. எப்போதும் முதல் அசை அழுத்தம் பெறும் மொழியில், அழுத்தம் கேட்டதும் புதுச் சொல் தொடங்கிவிட்டது என்று காது தெரிந்துகொள்ளும். உலக மொழிகள் இதற்குச் சாட்சி சொல்கின்றன. 502 மொழிகளை ஒப்பிட்ட ஒரு மொழியியல் தொகுப்பில் 282 மொழிகளுக்கு நிலையான அழுத்த இடம் உண்டு. அவற்றில் ஈற்றயல் 110, முதல் அசை 92, கடைசி அசை 51. கடைசியிலிருந்து மூன்றாவது 12, முதலிலிருந்து இரண்டாவது 16, முதலிலிருந்து மூன்றாவது ஒன்றே ஒன்று! நடுவில் எங்கோ ஓரிடத்தைப் பிடிக்காமல், பெரும்பாலான மொழிகள் சொல்லின் ஏதாவதொரு முனையை ஒட்டியே நிற்கின்றன.

முனையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் மொழியின் விகுதிகளைப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகள் படைக்கும் மொழியில் இயல்பாகவே ஒட்டுகள் சொல்லின் பின்னால் சேரும். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான் என்று சொல் நீள்கிறது. கடைசியிலிருந்து எண்ணினால், ஒட்டுச் சேரச் சேர அழுத்தம் வேர்ச்சொல்லை விட்டு வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். துருக்கி மொழியில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' வீடுகள், அழுத்தம் லெர்மீது. 'எவ்லெரிம்' என் வீடுகள், அழுத்தம் ரிம்மீது. அது குறையன்று, அங்கே அழுத்தம் சொல் முடிந்தது என்று அறிவிக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் ஒட்டுகள் பெரும்பாலும் முன்னால் சேரும். கிதாபு என்றால் புத்தகம், விதாபு என்றால் புத்தகங்கள். அழுத்தம் ஈற்றயலில் இருப்பதால் இரண்டிலும் தாமீதே நிற்கிறது. ஒட்டு முன்னால் சேர்ந்தால் பின்னிருந்து எண்ணுவதும், பின்னால் சேர்ந்தால் முன்னிருந்து எண்ணுவதும் வேரைக் காப்பாற்றும்.

ஆகவே தமிழ் மாணவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது: முன்னிருந்து எண்ணுங்கள், எடையையும் பாருங்கள். முதல் அசை நெடிலாகவோ ஒற்றில் முடிவதாகவோ இருந்தால் அதை அழுத்துங்கள். முதலசை வெறும் குறிலாகி இரண்டாவது கனமாக இருந்தால் இரண்டாவதை அழுத்துங்கள். இரண்டும் மெல்லியவை என்றால் மீண்டும் முதல். விழா, பலா, நிலா என்ற சொற்களைச் சொல்லிப் பார்த்தால் இவ்விதி எங்கிருந்து வந்தது என்று புரியும். குறிலும் நெடிலும் இணைந்து ஒரே நிரையாவது நமக்கு ஒன்றும் புதிதல்லவே!

இதை ஏற்காமல் வேறு விதி வகுத்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. சொல்லழுத்தமே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். ஆனால் அது யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். மறந்துபோன பக்கமாக இருக்கக் கூடாது. விதி வகுக்காமல் விட்டால் உங்கள் தாய்மொழியின் பழக்கம் ஓசைப்படாமல் வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

சிரிப்புக்கு ஒரு பதில்

"பாடத்தைப் படிக்காமல் இல்லாத மொழிக்கு இலக்கணமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தவனுக்குத்தான் அதன் உள்வேலை தெரியும். தாய்மொழியை நாம் கழற்ற முடியாது. அது நமக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பொம்மைக் கடிகாரம் ஒன்று செய்து பார்க்கலாம். அதுதான் படைத்த மொழி.

இன்னொரு பயன் இதைவிடப் பெரியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்முகத் தேர்வில் 'டெவலப்' என்ற சொல்லை முதல் அசையில் அழுத்திச் சொன்னேன். எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன்பின் கேட்ட கேள்விகளுக்கு விடை தெரிந்தும் என் வாயிலிருந்து பேச்சு வரவில்லை. ஆங்கிலம் அச்சொல்லின் இரண்டாவது அசையை அழுத்துகிறது. நான் என் தாய்மொழியின் பழக்கப்படி முதல் அசையை அழுத்தினேன் என்பது அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் அறிவில் குறை என்றே நம்பினேன்.

அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 1993-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் முதல் அசை அழுத்தமுள்ள சொற்களை அதிக நேரம் கவனித்துக் கேட்டன. ஆறு மாதக் குழந்தைகளிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆக, இடைப்பட்ட மூன்று மாதங்களில் காது தன் மொழிக்குப் பழகிவிடுகிறது. 1997-ல் வெளியான மற்றோர் ஆய்வில், ஸ்பானியர்கள் எளிதாகப் பிரித்தறிந்த அழுத்த வேறுபாடுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் பிரித்தறியத் திணறினார்கள். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசியில் நிலையாக நிற்பதால் அவர்கள் காதுக்கு அந்தப் பயிற்சி இல்லை. பிரெஞ்சுக்காரர்களை மந்தபுத்திக்காரர்கள் என்று யாராவது சொல்வார்களா?

இதனால் ஆங்கில அழுத்தத்தைக் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்பவருக்குப் புரிய வேண்டுமானால் கற்கத்தான் வேண்டும். 'போட்டோகிராப்' என்பதில் முதல் அசையிலுள்ள அழுத்தம், 'போட்டோகிராபி' என்றதும் இரண்டாவதற்கும், 'போட்டோகிராபிக்' என்றதும் மூன்றாவதற்கும் தாவுகிறது என்பதைச் சிரமப்பட்டுத்தான் பழக வேண்டும். அதை இன்னொரு மொழியின் விதியாகக் கற்போம். நம் மதிப்பை அளக்கும் கோலாக ஏற்க வேண்டாம். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தவறிய அழுத்தத்தைத் திருத்துங்கள், வகுப்பைச் சிரிக்க விடாதீர்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் மொழி நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஒலியசை எப்படிப் பிரியும்? அழுத்தத்தைச் சுருதியால் காட்டுவீர்களா, நீளத்தாலா, உரப்பாலா? எந்த முனையிலிருந்து எண்ணுவீர்கள்? எடை பார்ப்பீர்களா? ஒட்டுச் சேர்ந்தாலோ இரண்டு சொற்கள் கூடினாலோ அழுத்தம் நகருமா?

பிறகு பத்து வாக்கியங்கள் எழுதி, ஐந்தை விதிப்படி அழுத்தியும் ஐந்தை அழுத்தமே இல்லாமலும் தோழரிடம் வாசியுங்கள். சொல் எங்கே முடிகிறது என்று அவர் தாளில் கோடு போடட்டும். எதில் பிழை குறைவு என்று எண்ணுங்கள். இன்னும் நான்கு பேரிடம் இதையே செய்யுங்கள். விதி உதவவில்லை என்று தெரிந்தால் விதியை மாற்றுங்கள். ஆய்வு என்பது அதுதான்.

அந்த இரு மாணவிகளிடமும் வண்டி வருவதற்குள் முதல் மூன்று கேள்விகளை மட்டும் சொல்ல முடிந்தது. செங்கல்பட்டு வண்டி வந்தது. நான் ஏறினேன், அவர்கள் எதிர்த்திசை வண்டிக்குக் காத்திருந்தார்கள். வண்டி நகரும்போது, நோட்டுக்காரி அதே வாக்கியத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் அவள் விரல் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டியது.